15 மாத ஜெர்மன் ஷெப்பர்டை இணை சேர்க்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டு ஜெர்மன் ஷெப்பர்டு பெட்டை ஷீபாவுக்கு இப்போது 15 மாதம், எடை 29 கிலோ. 11-வது மாதத்தில் முதல் ஹீட், அதாவது இணை சேரும் பருவம், வந்தது. அது முடிந்து இரண்டு மாதம் கழித்து ஒரு துணிப் பொம்மையைக் கவ்விக்கொண்டு போய் மூலையில் வைத்துக் காவல் காத்தாள். மடியில் பாலும் சுரந்தது. அவள் குட்டிக்கு ஏங்குகிறாள், ஒரு ஈற்றாவது போட்டால்தான் கர்ப்பப்பைக்கு நல்லது, அடுத்த ஹீட்டிலேயே சேர்த்துவிடுங்கள் என்று பலரும் சொல்கிறார்கள். தெரிந்தவர் ஒருவரிடம் 18 மாத ஆண் ஷெப்பர்டு இருக்கிறது. அதன் தாத்தா கண்காட்சியில் பரிசு வாங்கிய நாயாம். ஷீபாவை மருத்துவரிடம் காட்டினோம், நல்ல ஆரோக்கியமாக இருக்கிறாள் என்றார். படிக்கட்டில் பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் மாதிரி தாவித் தாவி ஏறுவாள், பார்க்கவே அழகாக இருக்கும். புது ஆள் யார் வந்தாலும் எங்கள் காலுக்குப் பின்னால் நின்றுகொண்டு விடாமல் குரைப்பாள், நல்ல காவல். அவளை இணை சேர்க்கலாமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

வரப்போகிற ஹீட்டில் ஷீபாவை இணை சேர்க்க வேண்டாம். அதற்கு அடுத்த ஹீட்டில் சேர்க்கலாமா என்பதை இன்றைக்கு நீங்களும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. அவளுடைய இடுப்பும் முழங்கையும் எக்ஸ்ரேயில் எப்படித் தெரிகின்றன, அடுத்த சில மாதங்களில் அவளுடைய குணம் எப்படி அமைகிறது என்பவற்றைப் பார்த்த பிறகே அந்த முடிவுக்கு வர வேண்டும். உங்கள் கடிதத்தில் அவளுடைய பெருமைகளாக நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு செய்திகள், அதாவது படிக்கட்டில் அவள் ஏறும் விதமும் புது ஆளைப் பார்த்து அவள் குரைக்கும் விதமும், என்னைச் சற்று நிறுத்தி யோசிக்க வைத்தன. அவற்றுக்கு வருவதற்கு முன் அந்தத் துணிப் பொம்மையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டாரின் மனத்தை இளக்கியது அதுதான் என்று நினைக்கிறேன்.

பெட்டை நாய்க்கு ஹீட் முடிந்த பிறகு, அது சினையானாலும் ஆகாவிட்டாலும், புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏறத்தாழ இரண்டு மாதம் இரத்தத்தில் உயர்ந்தே இருக்கும். பிறகு அது இறங்கும்போது பாலைச் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஏறுகிறது. மடி கனக்கிறது, பால் வருகிறது, சில நாய்கள் செருப்பையோ பொம்மையையோ குட்டியாகப் பாவித்து அணைத்துக்கொண்டு யாரையும் அருகில் விடுவதில்லை. பொய்ச்சினை என்று இதற்குப் பெயர். ஷீபாவுக்கு ஹீட் முடிந்து இரண்டு மாதம் கழித்து இது வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். கணக்கு அப்படியே பொருந்துகிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களில் தானாகவே அடங்கிவிடும். அடுத்த முறையும் வந்தால் பொம்மையைப் பக்குவமாக அப்புறப்படுத்திவிட்டு, நடையையும் விளையாட்டையும் கூட்டுங்கள். மடியைத் தடவவோ பாலைக் கறந்துவிடவோ வேண்டாம், தொடத் தொடப் பால் இன்னும் ஊறும். அந்தக் காட்சியைப் பார்ப்பவருக்கு மனம் கரைவது இயல்பு, எனக்கும் கரையும். ஆனால் ஆரோக்கியமான எந்தப் பெட்டைக்கும் வரக்கூடிய இந்த ஹார்மோன் மாற்றத்தை வைத்து, அவள் தாயாகத் தயாராகிவிட்டாள் என்று முடிவு செய்ய இடமில்லை.

ஒரு ஈற்றாவது போட்டால் கர்ப்பப்பைக்கு நல்லது என்பதற்கும் ஆதாரம் கிடையாது. கருப்பையில் சீழ் கோக்கும் பயோமெட்ரா என்ற நோய், ஹீட் முடிந்த சில வாரங்களில் வருவது வழக்கம். அது குட்டி போட்ட நாயையும் விடுவதில்லை. அந்த நோயிலிருந்து நிச்சயமான பாதுகாப்பு கருத்தடை அறுவை சிகிச்சையில்தான் இருக்கிறது. குட்டிகள் வேண்டும் என்று விரும்பினால் குட்டிகளுக்காக விரும்புங்கள், அவளுக்கு வைத்தியம் என்று நினைத்து அதில் இறங்காதீர்கள்.

இனி வயதுக்கு வருகிறேன். ஹீட் வந்துவிட்டது என்றால் சூலகங்கள் வேலை செய்யத் தொடங்கிவிட்டன என்று அர்த்தம். எலும்பும் தசையும் அதே வேகத்தில் முதிர்ந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. சிறிய இன நாய்கள் ஒரு வயதுக்குள்ளாகவே வளர்ந்து முடிந்துவிடுகின்றன, ஆனால் ஷெப்பர்டு, ராட்வீலர், லாப்ரடார் போன்ற பெரிய இனங்களில் நீண்ட எலும்புகளின் முனையிலுள்ள வளர்ச்சித் தட்டுகள் முழுவதும் மூடுவதற்கு ஒன்றேகால் வயது, ஒன்றரை வயதுகூட ஆகலாம். நெஞ்சு விரிந்து, தசை நிறைந்து, மனமும் நிலைப்பட இரண்டு வயது தாண்டிவிடும். தன் உடலைக் கட்டிக்கொண்டிருக்கும் நாய், அதே நேரத்தில் எட்டு குட்டிகளின் உடலையும் கட்டி, பிறகு பல வாரம் பாலும் கொடுக்க வேண்டும் என்றால் அது அதற்குப் பெரிய சுமை. பால் கொடுப்பது உச்சத்தில் இருக்கும் வாரங்களில் தாய்க்கு வழக்கமான உணவைப் போல் இரண்டு மூன்று மடங்கு தேவைப்படும் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தச் சுமையின் அளவு விளங்கும்.

ஷெப்பர்டு இனத்துக்கென்று 1899-ல் ஜெர்மனியில் தொடங்கிய சங்கம், பெட்டைக்கு 20 மாதமும் ஆணுக்கு 24 மாதமும் நிறையாமல் இனப்பெருக்கத்துக்கு அனுமதிப்பதில்லை. வயது நிறைந்தால் மட்டும் போதாது. இடுப்புக்கும் முழங்கைக்கும் எக்ஸ்ரே, 20 கிலோமீட்டர் ஓட்டத் தேர்வு, குணத்தையும் பணித்திறனையும் சோதிக்கும் தேர்வு என்று பல படிகளை நாய் தாண்ட வேண்டும். அமெரிக்காவில் நாய்களின் எலும்பு மூட்டுக் குறைபாடுகளுக்காக 1966 முதல் இயங்கிவரும் ஓ.எஃப்.ஏ. என்ற அமைப்பு, இரண்டு வயது நிறையாத நாயின் இடுப்புக்கு இறுதிச் சான்று தருவதில்லை. இரண்டு வயது என்பது யாரோ வசதிக்காக வைத்த எண் என்று எண்ண வேண்டாம். ஒன்றரை வயதில் சுத்தமாகத் தெரிந்த மூட்டில் இரண்டு வயதில் குறை தெரிந்த படங்களை நானே பார்த்திருக்கிறேன்.

இப்போது அந்தப் படிக்கட்டு. பின்னங்கால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துத் தாவி ஏறுவதை நாங்கள் முயல் தாவல் என்றே சொல்வோம். ஒவ்வொரு காலாக மாற்றி மாற்றி ஊன்றினால் ஒரு நேரத்தில் ஒரே இடுப்பு மூட்டு முழுப் பாரத்தையும் தாங்க வேண்டும்; அது வலித்தாலோ, தளர்ந்திருந்தாலோ, நாய் இரண்டு கால்களையும் சேர்த்துப் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். இதை வைத்தே ஷீபாவுக்கு ஹிப் டிஸ்ப்ளேசியா, அதாவது இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாத குறைபாடு, என்று நான் சொல்லவில்லை. உற்சாகத்தில் பாயும் இளம் நாயும் சில நேரம் அப்படித்தான் ஏறும். ஆனால் எப்போதும் அப்படியே ஏறுகிறாளா, அவசரமில்லாதபோதும் அப்படியா என்று கவனிக்க வேண்டும். காலையில் படுக்கையிலிருந்து எழும்போது முதல் சில அடிகள் விறைப்பாக இருக்கின்றனவா, உட்காரும்போது ஒரு பக்கமாகச் சரிந்து காலை வெளியே நீட்டிக்கொள்கிறாளா, தோளின் தசையோடு ஒப்பிட்டால் பின்தொடை மெலிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அவள் மெதுவாக நடக்கும்போது நேர் பின்னாலிருந்து ஒரு நிமிடம் கைப்பேசியில் வீடியோ எடுத்து வையுங்கள். இடுப்பு பக்கவாட்டில் ஆடுகிறதா என்பது கண்ணால் பார்ப்பதைவிட வீடியோவில் நன்றாகத் தெரியும்.

மருத்துவர் ஆரோக்கியம் என்று சொன்னதில் தவறில்லை. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்து, சூடு பார்த்து, வாயையும் கண்ணையும் சோதித்துச் சொல்லும் ஆரோக்கியம் அது. இடுப்பு மூட்டின் உள்ளமைப்பு அந்தச் சோதனையில் பிடிபடாது. தொடை எலும்பின் பந்து போன்ற தலை, இடுப்பு எலும்பின் கிண்ணத்தில், ஆட்டுக்கல் குழியில் குழவி பொருந்தி உட்காருவது போல உட்கார வேண்டும். நல்ல இடுப்பின் படத்தில் பந்தின் பாதிக்கு மேற்பட்ட பகுதி கிண்ணத்துக்குள் அடங்கியிருக்கும், இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரே சீரான மெல்லிய கோடாகத் தெரியும்; பந்து எவ்வளவு பொருந்தி உட்கார்ந்திருக்கிறது என்பதைக் காட்ட, நார்பெர்க் கோணம் என்று நாங்கள் அளப்பது 105 பாகையோ அதற்கு மேலோ இருக்கும். குறையுள்ள இடுப்பில் கிண்ணம் ஆழமில்லாமல் தட்டையாக இருக்கும், பந்து வெளியே நழுவி நிற்கும், அந்த மெல்லிய கோடு ஒரு முனையில் விரிந்து ஆப்பு வடிவமாகிவிடும். நாளாக ஆகப் பந்தின் கழுத்தில் எலும்பு தடித்து வளர்ந்து, உருண்டையாக இருந்த தலை நசுங்கியது போல ஆகிவிடும்.

அந்தப் படத்தை எடுப்பதிலும் முறை இருக்கிறது. நாயை மயக்கத்தில் மல்லாக்கப் படுக்க வைத்து, பின்னங்கால்களை இணையாக நீட்டி, முழங்கால்களைச் சற்று உட்புறமாகத் திருப்பிப் பிடித்து எடுக்க வேண்டும். விழித்திருக்கும் நாயை நான்கு பேர் அமுக்கிப் பிடித்து எடுக்கும் கோணலான படத்தை வைத்து நல்லது கெட்டது எதையும் சொல்ல முடியாது. ஹீட் சமயத்தில் சில பெட்டைகளின் மூட்டு தளர்ந்து காட்டும் என்பதால், ஹீட்டுக்கு மூன்று நான்கு வாரம் முன்போ பின்போ எடுப்பது நல்லது. ஷீபாவின் விஷயத்தில் நான் இரண்டு வயது வரை காத்திருக்கச் சொல்ல மாட்டேன். முயல் தாவல் இருப்பதால் இப்போதே ஒரு படம் எடுத்துவிடுங்கள். அது அவளுடைய சிகிச்சைக்காக. அது நன்றாக இருந்தால், இரண்டு வயது நிறைந்ததும் இன்னொரு படம். அது இனப்பெருக்க முடிவுக்காக. முழங்கைகளையும் அதே மயக்கத்தில் எடுத்துவிடலாம், அவற்றுக்கென்று தனியாக மயக்கம் கொடுக்க வேண்டியிருக்காது.

பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆண் லாப்ரடாரை என்னிடம் கூட்டி வந்தார்கள். 13 மாதம், அகலமான தலை, பளபளக்கும் ரோமம், மேசை மேல் ஏற்றினால் வாலால் மேசையையே தட்டித் தள்ளும் அளவுக்குச் சந்தோஷம். இணை சேர்க்கலாமா என்று கேட்டார்கள்; இரண்டு வயது வரை பொறுத்து எக்ஸ்ரே எடுங்கள் என்றேன். நாய் நன்றாகத்தானே இருக்கிறது என்று சேர்த்துவிட்டார்கள், ஒரு முறை அல்ல, நான்கு பெட்டைகளோடு. இரண்டரை வயதில் அதே நாய் காரில் ஏற முடியாமல் நின்றது. படம் எடுத்தபோது இரண்டு இடுப்பும் கெட்டிருந்தன. அதற்குள் அதன் குட்டிகள் முப்பதுக்கும் மேற்பட்ட வீடுகளில் வளர்ந்துகொண்டிருந்தன. அவற்றில் ஒன்று ஏழு மாதத்தில் நொண்டிக்கொண்டு என் மேசைக்கே வந்தது. அந்தக் குட்டியைத் தூக்கி வந்த சிறுமி, இது எப்போது ஓடும் என்று கேட்டாள். நாய்க்காரர்கள் யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை, பதினோரு மாதம் பொறுத்திருந்தால் போதும் என்பதுதான் இன்றும் என் மனத்தை உறுத்துகிறது.

டிஎன்ஏ பரிசோதனைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இடுப்புக் குறைபாடு பல மரபணுக்கள் சேர்ந்து வருவது, அதற்கென்று ஒரே டிஎன்ஏ பரிசோதனை கிடையாது. ஆனால் ஷெப்பர்டு நாய்களில் வயதான காலத்தில் பின்னங்கால்களை முடக்கிவிடும் டிஜெனரேட்டிவ் மைலோபதி என்ற தண்டுவட நோயோடு தொடர்புடைய மரபணு மாற்றம் 2009-ல் கண்டறியப்பட்டுவிட்டது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் ஒற்றி எடுத்தே இதைப் பார்த்துவிடலாம். பெரும்பாலும் எட்டு வயதுக்கு மேல்தான் நோய் வெளிப்படும் என்பதால், நாயைப் பார்த்து முன்கூட்டித் தெரிந்துகொள்ள வழியே இல்லை. அந்த மாற்றம் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வராமல் ஒருவரிடமிருந்து மட்டும் வந்த, அதாவது ஒரு பிரதி மட்டும் உள்ள நாயை அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை, அந்த மாற்றம் இல்லாத இணையோடு சேர்த்தால் குட்டிகளில் எதற்கும் இரண்டு பிரதிகள் வராது. இரண்டு பக்கமும் ஒரு பிரதி இருந்தால் அந்த இணை வேண்டாம்.

குணத்தைப் பற்றி எழுதும்போது நீங்கள் வருத்தப்படக்கூடும் என்று தெரிந்தே எழுதுகிறேன். காலுக்குப் பின்னால் நின்று விடாமல் குரைப்பதைக் காவல் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். தன்னம்பிக்கையுள்ள ஷெப்பர்டு முன்னே வந்து ஆளைப் பார்க்கும், இரண்டு முறை குரைக்கும், வீட்டார் வரவேற்றதும் அடங்கிவிடும். பின்னால் ஒளிந்துகொண்டு, வாலைத் தாழ்த்தி, காதைப் பின்னால் மடக்கி, வந்தவர் உட்கார்ந்து பேசத் தொடங்கிய பிறகும் ஓயாமல் குரைக்கும் நாய் பயந்திருக்கிறது. பயந்த சுபாவம் ஓரளவு பரம்பரையாக வருகிறது. அதோடு மூன்றாவது வாரத்திலிருந்து குட்டிகள் உலகத்தைப் பார்த்துப் பழகும் காலம் தொடங்கிவிடுவதால், புது ஆள் வரும்போதெல்லாம் தாய் பதறினால் குட்டிகளும் அதையே கற்றுக்கொள்கின்றன. பயந்த தாய் குட்டி ஈனும் நேரத்தில் தடுமாறுவதும், பதற்றத்தில் குட்டியை மிதித்துவிடுவதும் உண்டு.

ஆனாலும் ஷீபா இன்னும் பருவத்தைக் கடந்துகொண்டிருக்கும் நாய். இந்த வயதில் திடீரென்று பயம் எழுந்து, சரியாகப் பழக்கினால் தணிந்துவிடுவதும் உண்டு. விருந்தினர் அவளை நேராகப் பார்க்கவோ தொடவோ வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவள் குரைக்கத் தொடங்காத தூரத்தில் அவளை வைத்து, அவர்கள் இருக்கும்போது மட்டும் அவளுக்கு மிகவும் பிடித்த தின்பண்டத்தைக் கொடுங்கள். நாள் செல்லச் செல்ல அவளாகத் தூரத்தைக் குறைத்துக்கொள்ளட்டும். அதட்டினால் குரைப்பு அடங்கும், பயம் அடங்காது. இரண்டு வயதில் அவள் புது ஆளிடம் தானாகப் போய் முகர்ந்து பார்க்கிறாள் என்றால் நான் மிகவும் மகிழ்வேன். அப்போதும் ஒளிந்துகொண்டே குரைக்கிறாள் என்றால், இடுப்புப் படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவளிடமிருந்து குட்டி எடுக்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அந்த ஆண் நாய்க்கும் இதே அளவுகோல்தான். 18 மாதம் அதற்கும் போதாது. தாத்தா வாங்கிய பரிசு, அந்தத் தாத்தாவின் அன்றைய தோற்றத்துக்குக் கிடைத்தது. பேரனிடம் அவருடைய மரபணுவில் ஏறத்தாழ கால் பங்குதான் இருக்கும், அந்தக் கால் பங்கு எது என்று யாருக்கும் தெரியாது. அதனால் அதன் பெற்றோர், உடன்பிறப்புகள் ஆகியவற்றின் எக்ஸ்ரே அறிக்கைகள் இருக்கின்றனவா என்று கேளுங்கள், எத்தனை வயதில் எதனால் இறந்தன என்று கேளுங்கள். இரண்டு விதைகளும் பையில் இறங்கியிருக்க வேண்டும். ஒன்று உள்ளேயே தங்கியிருந்தால் அது பரம்பரைக் குறை, இனப்பெருக்கத்துக்கு ஆகாது. ஷெப்பர்டு ஆண்களில் இரத்தம் உறையாத ஹீமோஃபிலியா ஏ என்ற நோய் இருக்கக்கூடும் என்பதால் அதையும் சோதிக்க வேண்டும். இரண்டு நாய்களின் வம்சாவளித் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே பெற்றோர் வழிப் பேரப்பிள்ளைகள், அதாவது ஒன்றுவிட்ட உடன்பிறப்புகள் சேர்ந்தால் குட்டிகளின் உள்ளினச் சேர்க்கை, அதாவது நெருங்கிய உறவில் சேர்வதன் அளவு, 6.25 விழுக்காடு, ஒரு பெற்றோர் மட்டும் பொதுவான உடன்பிறப்புகள் சேர்ந்தால் 12.5 விழுக்காடு. பல தலைமுறைகளில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் வேறு இணையைத் தேடுங்கள். சேர்ப்பதற்கு முன் இரண்டுக்கும் புருசெல்லா கேனிஸ் கிருமிக்கான இரத்தப் பரிசோதனை கட்டாயம். கருச்சிதைவை உண்டாக்கும் அந்தக் கிருமியை நாயின் உடலிலிருந்து முழுதாக ஒழிப்பது மிகக் கடினம், மனிதருக்கும் அது தொற்றும்.

எல்லாம் சரியாக அமைந்தால் ஷீபாவுக்கு ஏறத்தாழ இரண்டு வயதில் வரும் ஹீட்டில் யோசிக்கலாம். நாள் எண்ணிச் சேர்ப்பதைவிட இரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் பார்த்துச் சேர்ப்பது நம்பகமானது, ஏனென்றால் நாயின் கருமுட்டை வெளிவந்த உடனே கருத்தரிக்கத் தயாராக இருப்பதில்லை, முதிர இரண்டு நாள் ஆகும். முட்டை வெளிவந்த நாள் தெரிந்தால் அங்கிருந்து 63 நாள் எண்ணி ஈனும் நாளையும் ஓரிரு நாள் முன்பின்னாகச் சொல்லிவிடலாம். அந்த இரவில் யாராவது ஒருவர் விழித்திருக்க வேண்டும். அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வரவில்லை என்றாலோ, உள்ளே குட்டி இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழுந்தாலோ, எந்த நேரமானாலும் அறுவை சிகிச்சை செய்யக்கூடிய இடத்துக்குக் கொண்டு போக வேண்டும். பிறந்த குட்டிக்குத் தன் உடல் சூட்டைக் காத்துக்கொள்ளத் தெரியாது; நாள்தோறும் தராசில் நிறுத்து எழுதி வைக்க வேண்டும், எடை ஏறாத குட்டி ஆபத்தில் இருக்கிறது என்று அர்த்தம். எட்டு வாரம் முடியும்வரை ஒரு குட்டியும் தாயை விட்டுப் போகக் கூடாது. இப்போதே ஒரு தாளை எடுத்து, குட்டியை நம்பி ஒப்படைக்கக்கூடிய எட்டு வீடுகளின் பெயரை எழுதிப் பாருங்கள். ஒரு வயதில் வேண்டாம் என்று யாராவது திருப்பித் தந்தால் நீங்கள் வாங்கிக்கொள்வீர்களா என்பதையும் வீட்டாரோடு பேசுங்கள்.

படத்தில் குறை தெரிந்தால் மனம் ஒடிந்துவிட வேண்டாம். இடுப்புக் குறையுள்ள எத்தனையோ நாய்கள், எடையை ஒல்லியாக வைத்து, தாவலைக் குறைத்து, நடையையும் நீச்சலையும் கொடுத்தால் நல்ல வாழ்க்கை வாழ்கின்றன. 48 லாப்ரடார்களை வாழ்நாள் முழுவதும் பின்தொடர்ந்து 2002-ல் வெளியான ஆய்வில், கால் பங்கு உணவு குறைவாகக் கொடுக்கப்பட்ட நாய்கள் மற்றவற்றைவிட ஏறத்தாழ இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன, அவற்றின் மூட்டுத் தேய்மானமும் தாமதமாகவே தொடங்கியது. ஷீபாவின் 29 கிலோ அவள் இனத்துக்குச் சரியான எடை. விலா எலும்புகள் கைக்குத் தட்டுப்படும்படி அதையே காத்துவாருங்கள். அப்படிக் குறை தெரிந்தால், ஹீட் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கருத்தடை செய்துவிடலாம்.

இப்போது உடனடியாகக் கவனிக்க வேண்டியது வரப்போகிற ஹீட்தான். முதல் ஹீட் 11-வது மாதத்தில் வந்ததால் அடுத்தது ஏறத்தாழ 17, 18-வது மாதத்தில் வரலாம், சற்று முந்தியும் வரலாம். இரத்தக் கசிவு தெரிந்த முதல் நாளைக் குறித்துக்கொண்டு, அன்றிலிருந்து குறைந்தது நான்கு வாரம் அவளைச் சங்கிலி இல்லாமல் வெளியே விடாதீர்கள். கசிவு வெளிறி, குறைந்தவுடன் ஆபத்து நீங்கிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த நாட்களில்தான் அவள் ஆணை ஏற்றுக்கொள்வாள். அந்த நண்பரின் நாயை அந்த நான்கு வாரம் உங்கள் வீட்டுப் பக்கம் கூட்டி வர வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இருவருக்கும் சங்கடமில்லாமல் இருக்கும். எக்ஸ்ரேயை ஹீட்டுக்கு முன், இந்த மாதத்திலேயே எடுத்துவிட்டால் நல்லது. படம் வந்ததும் எழுதுங்கள், அவள் நடக்கும் வீடியோவையும் சேர்த்து அனுப்புங்கள்.